கல்லூரி பேஸ்பால்: ‘வாக்-ஆன்’ இடத்தை நம்பி மகனை அனுப்பலாமா?

கேட்சரின் தந்தை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகன் இங்கே அமெரிக்காவில் இப்போது பதினொன்றாம் வகுப்பில் படிக்கிறான். ஒன்பது வயதிலிருந்து பேஸ்பாலில் கேட்சராக (வீசப்படும் பந்தை மட்டையாளருக்குப் பின்னால் நின்று பிடிப்பவனாக) ஆடி வருகிறான். முதல் டிவிஷன் (கல்லூரி விளையாட்டின் மிக உயர்ந்த நிலை) கல்லூரிப் பயிற்சியாளர்கள் மாணவனிடம் நேரடியாகப் பேசுவதற்கு விதி அனுமதிக்கும் முதல் நாள் ஆகஸ்ட் 1 என்பதால், அன்று காலையிலிருந்தே கைப்பேசியை மேசைமேல் வைத்துக்கொண்டு அவன் காத்திருந்தான். அன்று யாரும் அழைக்கவில்லை. அக்டோபரில்தான் இரண்டு கல்லூரிகளிலிருந்து பேசினார்கள்.

ஒன்று, பக்கத்து மாநிலத்தில் உள்ள பெரிய அரசுப் பல்கலைக்கழகம். அணி முதல் டிவிஷனைச் சேர்ந்தது. அவனை ‘ப்ரிஃபர்டு வாக்-ஆன்’ ஆக, அதாவது விளையாட்டு உதவித்தொகை இல்லாமல் அணியில் இடம் மட்டும் தந்து, எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள். முதல் ஆண்டு உதவித்தொகை எதுவும் கிடையாது. இரண்டாம் ஆண்டிலிருந்து "பார்க்கலாம்" என்கிறார்கள். வெளிமாநிலக் கட்டணம் முழுவதையும் நாங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும். மற்றொன்று, மூன்றாம் டிவிஷனைச் சேர்ந்த சிறிய தனியார் கல்லூரி. அங்கே விளையாட்டு உதவித்தொகை என்பதே இல்லை. ஆனால் அவனுடைய மதிப்பெண்களைப் பார்த்துக் கல்வி உதவித்தொகை நல்ல அளவில் கிடைக்கும் போலிருக்கிறது.

பேஸ்பாலில் உதவித்தொகை உச்சவரம்பையே எடுத்துவிட்டார்கள் என்று செய்தியில் படித்தேன். அப்படியிருந்தும் என் மகனுக்கு ஏன் ஒரு டாலர்கூட இல்லை என்பதும், இந்த ‘வாக்-ஆன்’ உறுதிமொழிக்கு எவ்வளவு மதிப்பு உண்டு என்பதும் எனக்கு விளங்கவில்லை. அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து விளக்குங்கள்.

முன்னாள் துணைப் பயிற்சியாளர் எழுதியது:

வணக்கம் ஐயா. நான் ஏழு ஆண்டுகள் இரண்டாம் டிவிஷன் கல்லூரி ஒன்றில் துணைப் பயிற்சியாளராக இருந்தவன். உங்கள் முதல் கேள்விக்குப் பதில் சொல்லச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டியிருக்கிறது.

கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பில் உதவித்தொகை இரண்டு விதமாகக் கணக்கிடப்பட்டு வந்தது. பெரிய கல்லூரிகளின் அமெரிக்கக் கால்பந்துக்குத் தலைக்கணக்கு; 85 பேர் என்றால் அந்த 85 பேருக்கும் முழுத் தொகை. பேஸ்பாலுக்கோ ஒரே பானைச் சோற்றைப் பந்தி முழுவதற்கும் பரிமாறுகிற ஏற்பாடு. முழு உதவித்தொகைகள் இத்தனை என்று ஓர் எண்ணைக் கொடுத்துவிடுவார்கள். அதைப் பயிற்சியாளர் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்துக்கொள்ளலாம். அந்த எண் முன்பு 13 ஆக இருந்தது. 1990களின் தொடக்கத்தில் செலவைக் குறைப்பதற்காகப் பத்து விழுக்காடு வெட்டியபோது 11.7 ஆயிற்று. விந்தையான அந்தப் பின்னம் வந்த வழி அதுதான். அதன் பிறகு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அது அசையவே இல்லை.

2008-க்குப் பிறகு அணியில் 35 பேர், உதவித்தொகை பெறுவோர் அதிகபட்சம் 27 பேர், பெறுபவருக்குக் குறைந்தது 25 விழுக்காடு என்று விதிகள் வந்தன. 11.7-ஐ 27 பேருக்குச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 43 விழுக்காடுதான் வரும். ஆனால் யாரும் சமமாகப் பிரிப்பதில்லை. வெள்ளிக்கிழமை ஆட்டத்தைத் தொடங்கும் முதன்மை பிட்சருக்கும் (பந்து வீசுபவர்), ஷார்ட்ஸ்டாப்புக்கும் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு இடையே தடுப்பவர்), நல்ல கேட்சருக்கும் பெரிய பங்கு போய்விடும். மற்றவர்களுக்கு 25, 30 என்று வரும். மீதமுள்ள எட்டுப் பேர் வெறுங்கையுடன் நிற்பார்கள். அவர்கள்தான் வாக்-ஆன்கள். பின்னாளில் அந்த 25 விழுக்காட்டு விதியை நீக்கி, அணியை 40 பேராகவும் உதவித்தொகை பெறுவோரை 32 பேராகவும் உயர்த்தினார்கள். பானை மட்டும் அதே 11.7 பானை.

இப்போது நடந்திருப்பது இது. கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்களுக்கும் வருவாயில் பங்கு கேட்டு என்சிஏஏ மீது தொடர்ந்த ‘ஹவுஸ்’ வழக்கின் சமரசத்துக்கு நீதிபதி கிளாடியா வில்கன் 2025 ஜூன் 6 அன்று இறுதி ஒப்புதல் அளித்தார். அந்தச் சமரசத்தை ஏற்ற கல்லூரிகளுக்கு 11.7 என்ற வரம்பு போய்விட்டது. அதற்குப் பதிலாக அணியில் 34 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்ற வரம்பு வந்திருக்கிறது. விரும்பினால் 34 பேருக்கும் முழு உதவித்தொகை கொடுக்கலாம். ஆனால் "கொடுக்கலாம்" என்பதற்கும் "கொடுப்பார்கள்" என்பதற்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. அதே சமரசத்தின்படி ஒரு கல்லூரி தன் ஆட்டக்காரர்களுக்கு முதல் ஆண்டில் நேரடியாகப் பகிர்ந்தளிக்கக்கூடிய தொகை அதிகபட்சம் 2.05 கோடி டாலர். புதிதாகச் சேர்க்கும் உதவித்தொகைகளில் 25 லட்சம் டாலர் வரை அந்தக் கணக்கிலேயே கழியும். அந்தப் பணத்தின் பெரும்பகுதி கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும்தான் போகிறது. பெண்கள் விளையாட்டுகளுக்கும் ஆண்கள் விளையாட்டுகளுக்கும் இடையே நியாயம் காட்ட வேண்டிய சட்டக் கடமையும் கல்லூரிக்கு உண்டு. எனவே பேஸ்பாலுக்கு 34 முழு உதவித்தொகை தரக்கூடியவை பணபலம் படைத்த சில கல்லூரிகளே. பல கல்லூரிகள் பழைய காலத்திலேயே 11.7-ஐக்கூட முழுவதும் நிரப்பியதில்லை என்பதையும் பெற்றோர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

ஆக, உங்கள் மகனுக்குப் பணம் இல்லாததைவிட எனக்கு அதிகம் கவலை தருவது வேறொன்று. 40 பேர் இருந்த அணியில் 34 பேர் என்றால் ஆறு இடங்கள் காணாமல் போயின. அந்த ஆறும் வாக்-ஆன்களின் இடங்கள்.

ஜூகோ பிட்சரின் அம்மா எழுதியது:

மேலே சொன்ன அந்த ஆறு இடங்களில் ஒன்று என் மகனுடையது. அதனால் எழுதுகிறேன். கல்லூரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கிருந்த பயிற்சியாளர்களும் வேண்டுமென்று எதையும் செய்ததாக நான் நினைக்கவில்லை.

அவன் இடக்கைப் பந்துவீச்சாளன். 2024 இலையுதிர்காலத்தில் ப்ரிஃபர்டு வாக்-ஆன் என்று வாய்மொழியாக உறுதி கிடைத்தது. விடுதிக்கு முன்பணம் கட்டினோம். வேறு மூன்று கல்லூரிகளுக்கு "வேண்டாம், நன்றி" என்று அவனே கடிதம் எழுதினான். 2025 மார்ச்சில் ஒரு மாலை அழைப்பு வந்தது. வீட்டுக்கு முன்னால் காரை நிறுத்தியிருந்தோம். அவன் இறங்காமல் முன்னிருக்கையிலேயே உட்கார்ந்து பேசினான். சமரசம் வரப்போகிறது, அணி 34-க்குச் சுருங்குகிறது, இடம் இல்லை. அழைப்பு ஏழு நிமிடம் நீடித்தது. கடைசி இரண்டு நிமிடம், இத்தனை நாள் தன்னைக் கவனித்ததற்காக என் மகன் அந்தப் பயிற்சியாளருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தான். அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்ததுதான் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது.

ஏப்ரலில், இப்படி இடம் இழப்பவர்களுக்கு வழி செய்யாமல் ஒப்புதல் தர முடியாது என்று நீதிபதி சமரசத்தைத் திருப்பி அனுப்பியபோது எங்களுக்குப் பெரிய நம்பிக்கை பிறந்தது. திருத்தப்பட்ட ஏற்பாட்டின்படி, 34 வரம்பினால் இடம் இழந்தவர்களின் பெயர்களைக் கல்லூரி ஒரு பட்டியலில் தர வேண்டும். அந்தப் பட்டியலில் உள்ளவர்கள் வரம்புக் கணக்கில் சேர மாட்டார்கள். என் மகன் பெயரும் அதில் இருக்கிறது. ஆனால் பட்டியலில் உள்ளவரைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்களே, அந்த நிலைதான். கல்லூரியைக் கேட்டோம், "பெயர் இருக்கிறது, இடம் இல்லை" என்றார்கள்.

ஜூன் மாதக் கடைசியில் இரண்டாண்டு சமுதாயக் கல்லூரி (‘ஜூகோ’ என்பார்கள்) ஒன்றில் சேர்த்தோம். முதலில் எனக்கு அழுகையாக வந்தது. நம் ஊர்க்காரர்கள் "பையன் எங்கே படிக்கிறான்?" என்று கேட்டால் அந்தப் பெயரைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை, அதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. இத்தகைய கல்லூரிகளின் விளையாட்டு அமைப்பான என்ஜேசிஏஏவின் முதல் டிவிஷன் கல்லூரிகளில் 24 முழு உதவித்தொகை வரை கொடுக்கலாம். தங்குமிடமும் சாப்பாடும் புத்தகமும் அதில் அடங்கும். அவனுக்கு முழுமையாகக் கிடைக்கவில்லை, பாதிக்கும் சற்று மேல் கிடைத்தது. முக்கியமாக, வாரந்தோறும் பந்து வீசுகிறான். இரண்டு ஆண்டுகள் கழித்து நான்காண்டுக் கல்லூரிக்கு மாறும்போதும் அந்தப் பட்டியல் சலுகை அவனோடு வரும். எந்தக் கல்லூரிக்குப் போனாலும் அவன் அந்த 34-க்கு வெளியே. அப்போது அது உதவலாம்.

கேட்சரின் தந்தை எழுதியது:

சகோதரி, உங்கள் பதிவை என் மனைவியும் நானும் சேர்ந்து படித்தோம். நீங்கள் எழுதியதற்கு மிக்க நன்றி. எங்கள் மகனிடம் பயிற்சியாளர் சொன்னதும் வாய்மொழிதான். எழுத்தில் கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று தயங்குகிறோம்.

முன்னாள் துணைப் பயிற்சியாளர் எழுதியது:

தயங்க வேண்டியதில்லை ஐயா, கேளுங்கள். ஆனால் எழுத்தில் என்ன கிடைக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு கேளுங்கள். முன்பு ‘நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட்’ என்று, மாணவனையும் கல்லூரியையும் பிணைக்கும் ஒரு கடிதம் இருந்தது. 2024 அக்டோபரில் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது உதவித்தொகை ஒப்பந்தம்தான் கையெழுத்தாகும் ஆவணம். உதவித்தொகை இல்லாத வாக்-ஆனுக்குக் கையெழுத்திட ஒன்றுமே இல்லை. உதவித்தொகை பெறுபவனை ஆட்டம் சரியில்லை என்பதற்காக உதவித்தொகையிலிருந்து நீக்கக் கூடாது என்ற பாதுகாப்பு இப்போது முதல் டிவிஷன் முழுவதிலும் இருக்கிறது. அணியில் இடம் போனாலும் படிப்புக்கான பணம் நிற்காது. வாக்-ஆனுக்கோ அணி இடம் போனால் எல்லாமே போய்விடும். ஆகவே ஐந்து விழுக்காடு என்றாலும் எழுத்தில் உள்ள உதவித்தொகைக்கு ஒரு மதிப்பு உண்டு என்று நான் பெற்றோர்களிடம் சொல்வது வழக்கம்.

என் அலுவலகச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் ஒரு காந்தப் பட்டை. அதில் பெயர், படிக்கும் ஆண்டு, விழுக்காடு. கேட்சர் வரிசையில் எப்போதும் மூன்று அல்லது நான்கு பட்டைகள் இருக்கும். டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் பதியும் இடம்) திறக்கும் நாட்களில் தலைமைப் பயிற்சியாளர் காலையில் வந்து, கையில் காபியுடன், பட்டைகளைப் பேசாமல் மேலும் கீழும் நகர்த்துவார். 22 வயது கேட்சர் ஒருவன், மூன்று ஆண்டுகள் கல்லூரி ஆட்டம் ஆடியவன், போர்ட்டலில் வந்துவிட்டால், பள்ளியிலிருந்து வரவிருக்கும் பையனின் பட்டை பலகையின் கீழ் ஓரத்துக்கு இறங்கும். அந்தப் பையனுக்கு அது தெரியாது. அவன் அன்றைக்கு எங்கோ ஒரு ஷோகேஸில் (பயிற்சியாளர்கள் முன் திறமை காட்டும் நிகழ்ச்சியில்) இரண்டாம் பேஸுக்குப் பந்தை எறிந்து தன் ‘பாப் டைமை’ (பந்தைப் பிடித்து அங்கே எறிந்து சேர்க்கும் நேரத்தை) ஒரு புள்ளி குறைக்கப் பாடுபட்டுக்கொண்டிருப்பான்.

இந்த நெருக்கடிக்கு 34 மட்டுமே காரணமல்ல. மேஜர் லீக் டிராஃப்ட் (தொழில்முறை அணிகள் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) 2019 வரை 40 சுற்றுகள் நடந்தது. 2021 முதல் 20 சுற்றுகள்தான். முன்பு தொழில்முறைக்குப் போயிருக்கக்கூடிய பலர் இப்போது கல்லூரியிலேயே இருக்கிறார்கள். அதே 2021-இல் மைனர் லீக் (மேஜர் லீக்குக் கீழ்நிலைத் தொழில்முறை) அணிகளையும் 120-ஆகக் குறைத்தார்கள். மேலே கதவு குறுகியதால் கீழே கூட்டம் நிற்கிறது.

ஒரு தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். வசந்தகால விளையாட்டுகள் டிசம்பர் 1-க்குள் 34-க்கு இறங்கிவிட வேண்டும். அதாவது ஆகஸ்டில் 40-க்கும் மேற்பட்டவர்களை வரவழைத்து, இலையுதிர்காலப் பயிற்சி முழுவதும் ஆடவைத்து, நவம்பரில் கழித்துவிட முடியும். அதற்குள் நீங்கள் ஒரு பருவக் கட்டணத்தைக் கட்டியிருப்பீர்கள்.

எனவே விழுக்காட்டைக் கேட்பதற்கு முன் இடங்களைக் கேளுங்கள். சென்ற ஆண்டு இலையுதிர்காலத்தில் எத்தனை பேர் வந்தார்கள், டிசம்பரில் எத்தனை பேர் மிஞ்சினார்கள், என் மகன் சேரும் ஆண்டில் எத்தனை கேட்சர்கள் இருப்பார்கள், கடந்த மூன்று ஆண்டுகளில் வாக்-ஆனாக வந்தவர்களில் எத்தனை பேர் ஓர் ஆட்டத்திலாவது மட்டை பிடித்தார்கள். நேர்மையான பயிற்சியாளர் இதற்கெல்லாம் எண்களில் பதில் சொல்வார். கல்லூரி சமரசத்தை ஏற்றதா இல்லையா என்பதையும் கேளுங்கள். ஏற்காத கல்லூரிகளில் பழைய வரம்புகள்தான் தொடர்கின்றன, அங்கே 34 என்ற கத்தி இல்லை.

மூன்றாம் டிவிஷன் பெற்றோர் எழுதியது:

மூன்றாம் டிவிஷன் என்றால் பொழுதுபோக்கு ஆட்டம் என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். அது தவறு என்பதை நான்கு ஆண்டுகள் மரப்பலகை இருக்கையில் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். என் மகன் முதல் ஆண்டிலேயே பதினேழு ஆட்டங்களில் ஆடினான். கல்வி உதவித்தொகை போக நாங்கள் கட்டியது எங்கள் மாநில அரசுப் பல்கலைக்கழகக் கட்டணத்தை ஒட்டியே இருந்தது. மதிப்பெண்ணுக்குக் கிடைக்கும் பணம் தோள்பட்டையில் காயம் பட்டாலும் நிற்பதில்லை.

கணக்காகவே பார்ப்போம். ஆண்டுச் செலவு 60,000 டாலர் என்று வைத்துக்கொண்டால், முதல் டிவிஷனில் 25 விழுக்காடு கிடைத்தாலும் கையிலிருந்து 45,000 போகும். மூன்றாம் டிவிஷனில் 30,000 டாலர் கல்வி உதவித்தொகை கிடைத்தால் கையிலிருந்து போவது 30,000. 2020 ஆகஸ்டிலிருந்து முதல் டிவிஷனிலும் கல்வி உதவித்தொகை அணியின் பேஸ்பால் கணக்கில் சேர்வதில்லை. ஆகவே பெரிய பல்கலைக்கழகத்திலும் மதிப்பெண்ணை வைத்துப் பணம் கேட்க முடியும். உங்கள் மகன் அங்கே அதற்கு விண்ணப்பித்தானா என்பதைப் பாருங்கள் ஐயா. நாம் பந்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும்போது மதிப்பெண் பட்டியல் மேசை இழுப்பறைக்குள் கிடக்கிறது.

பின்னாளில் மேஜர் லீக்கில் ஆடிய பென் ஸோப்ரிஸ்டை எந்தக் கல்லூரியும் தேடி வரவில்லை. பள்ளி முடித்த பிறகு 50 டாலர் கட்டி ஒரு தேர்வுப் பயிற்சிக்குப் போய், அங்கிருந்து சிறிய கல்லூரிகளுக்கான என்ஏஐஏ அமைப்பைச் சேர்ந்த கல்லூரி ஒன்றுக்குப் போனவர். 2016 உலகத் தொடரின் (மேஜர் லீக் இறுதிப் போட்டியின்) சிறந்த ஆட்டக்காரர் அவர்தான். எல்லோருக்கும் அப்படி நடக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் அங்கே ஆடினார் என்பதைக் கவனிக்க வேண்டும். பெரிய அணியின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

எச்-4 குடும்பம் எழுதியது:

எங்கள் நிலை சற்று வேறு. நாங்கள் இன்னும் பச்சை அட்டைக்கு வரிசையில் நிற்கிறோம். மகள் சாஃப்ட்பாலும் மகன் பேஸ்பாலும் ஆடுகிறார்கள். எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசா உள்ளவரின் குடும்பத்துக்கான விசா) இருக்கும் பிள்ளைகள் விளையாட்டு உதவித்தொகை பெற முடியுமா? இங்கே பலர் முடியாது என்கிறார்கள்.

மூன்றாம் டிவிஷன் பெற்றோர் எழுதியது:

முடியும் அம்மா. விளையாட்டு உதவித்தொகையைக் கல்லூரி தருகிறது. அதற்குக் குடியுரிமை தேவையில்லை. மத்திய அரசின் கல்வி உதவியும் கடனும்தான் எச்-4 பிள்ளைகளுக்குக் கிடையாது. ஆகவே "மீதியை அரசு உதவியால் நிரப்பிக்கொள்ளலாம்" என்று பயிற்சியாளர் சொன்னால், உங்கள் விசா நிலையை அங்கேயே சொல்லிவிடுங்கள். அவர்களில் பலருக்கு இந்த வேறுபாடு தெரியாது. வேலை அனுமதி இல்லாததால், பெயரையும் படத்தையும் பயன்படுத்தித் தரும் பணமும் அணி வருவாய்ப் பங்கும் சிக்கலானவை. வழக்கறிஞரைக் கேட்காமல் எதிலும் கையெழுத்திட வேண்டாம். 21 வயதில் எச்-4 முடிந்துவிடும் என்பதால் மூன்றாம் ஆண்டு நடுவில் எஃப்-1 (மாணவர் விசா) மாற்றம் வரும். அதற்கு முன்கூட்டியே கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துடன் பேசி வையுங்கள்.

ஜூகோ பிட்சரின் அம்மா எழுதியது:

ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். நம் வீடுகளில் இந்திய வம்சாவளிப் பிள்ளைகள் சாதித்த கதைகளைச் சொல்லித் தேற்றுகிறோம். தாய்வழியில் இந்தியரான குமார் ராக்கர் 2019-இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்காக டியூக் அணிக்கு எதிராக 19 பேரை ஸ்ட்ரைக்-அவுட் (பந்தை அடிக்க விடாமல் வெளியேற்றுதல்) செய்து நோ-ஹிட்டர் (எதிரணிக்கு ஒரு ஹிட்டும் தராத ஆட்டம்) வீசியதும், அர்ஜுன் நிம்மலா 2023-இல் பள்ளியிலிருந்தே மேஜர் லீக் டிராஃப்டின் முதல் சுற்றில் தேர்வானதும் எனக்கும் பெருமைதான். ஆனால் அவர்கள் பயிற்சியாளர்கள் தேடிப்போன பிள்ளைகள். என் மகன் அந்த வரிசையில் இல்லை என்பதை நான் ஒப்புக்கொண்ட நாளிலிருந்து அவனுக்கு நான் சரியாக உதவத் தொடங்கினேன். எந்த ஊரில் அவன் ஆடுவான், எந்தப் படிப்பை அவன் விரும்புவான் என்று அவனிடமே கேட்டேன். அதற்கு முன்னால் இரண்டு ஆண்டுகள் நான் அதைக் கேட்டதே இல்லை.

கேட்சரின் தந்தை எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ஐயா சொன்ன கேள்விகளை என் மகனே தன் மின்னஞ்சலில் எழுதி அனுப்பினான். நாங்கள் எழுத்துப்பிழை மட்டும் பார்த்தோம். பெரிய பல்கலைக்கழகத்திலிருந்து நான்கு நாளில் பதில் வந்தது. பயிற்சியாளர் கோபப்படவில்லை. இலையுதிர்காலத்தில் 43 பேர் வந்தார்கள், இப்போது 34 பேர் இருக்கிறார்கள் என்றும், அவன் சேரும் ஆண்டில் அவனையும் சேர்த்து நான்கு கேட்சர்கள் இருப்பார்கள், அதில் இருவர் போர்ட்டலிலிருந்து வந்தவர்களாக இருக்கலாம் என்றும் வெளிப்படையாக எழுதியிருந்தார். அந்த நேர்மைக்காக அவர்மேல் எங்களுக்கு மரியாதை கூடியது.

என் மகன் அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "மீதி ஒன்பது பேர் எங்கே போனார்கள்?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. வரும் சனிக்கிழமை மூன்றாம் டிவிஷன் கல்லூரிக்கு நேரில் போகிறோம். காலையில் உயிரியல் துறை வகுப்பு ஒன்றில் உட்காரவும், பிற்பகலில் கூண்டுக்குள் மட்டைப் பயிற்சி பார்க்கவும் அனுமதி கேட்டிருக்கிறான். பெரிய பல்கலைக்கழகத்தின் கல்வி உதவித்தொகை விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதியையும் குறித்து வைத்திருக்கிறோம். பன்னிரண்டாம் வகுப்புத் தொடங்கியதும் முதல் வேலை அதுதான். வேறு யாருக்காவது அந்த இலையுதிர்கால எண்கள் தெரிந்தால், கல்லூரிப் பெயர் இல்லாமல், இங்கே எழுதுங்கள்.